இரண்டு மணி நேர மாமல்லபுரம்

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன்கள் பெரும்பாலும் காலையில் காஞ்சிக்குத்தான் முதலில் போகும். உச்சிவேளையில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பது காரணம். காமாட்சியம்மனைத் தரிசித்து, பட்டுக் கடையில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்து, வழியில் எங்கோ சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு மாமல்லபுரம் வந்து இறங்கும்போது மணி இரண்டாகியிருக்கும். "நாலு மணிக்கெல்லாம் வண்டிக்கு வந்துடுங்க" என்பார் ஓட்டுநர்.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிக் கழியும் என்பது அங்கே இளநீர் விற்பவருக்குக்கூட மனப்பாடம். வெண்ணெய் உருண்டைப் பாறையை உள்ளங்கையில் தாங்குவதுபோல ஒரு படம். அர்ச்சுனன் தபசுக்கு எதிரே சாலையோரம் நின்று ஒரு படம். ஐந்து ரதத்தில் கல் யானையின் பக்கத்தில் குடும்பத்தோடு ஒன்று. கடற்கரைக் கோயிலைப் பின்னால் வைத்து இன்னொன்று. பிறகு மாங்காய்க் கீற்று, பாசிமணி, சங்கு, திரும்பும் வழியெல்லாம் தூக்கம். ஏறத்தாழ 1,300 ஆண்டு பழைய ஒரு பெரும் வேலைக்களத்தை இப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த ஊர் அப்படித்தான் காட்டப்படுகிறது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே உலாவியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அடுத்த வாரமே நேரில் வந்து குவிந்தார்கள். வெண்ணெய் உருண்டையைப் பார்க்கக் கட்டணம் வந்ததும் அதற்குப் பிறகுதான். 2021-22ஆம் ஆண்டில் தாஜ்மகாலுக்கு 38,922 வெளிநாட்டுப் பயணிகள் வந்தபோது மாமல்லபுரத்துக்கு 1,44,984 பேர் வந்தார்கள் என்று ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் கணக்குக் காட்டியது. தாஜ்மகாலை முந்திவிட்டோம் என்று இங்கே மார்தட்டல் நடந்தது. பெருந்தொற்றால் விமானங்களே சரியாகப் பறக்காத ஓர் ஆண்டின் கணக்கை வைத்து இவ்வளவு பெருமைப்பட்டிருக்க வேண்டாம். எத்தனை தலை உள்ளே போனது என்பது நுழைவுச்சீட்டில் தெரிந்துவிடும். உள்ளே போனவர் எதைப் பார்த்தார் என்பதைக் கணக்கெடுக்க யாரும் இல்லை.

வெயிலும் சீட்டும்

முதலில் உடம்புக்கான விஷயங்கள். கருங்கல் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு நம் மேல் உமிழும். ஐந்து ரத வளாகத்துக்குள் மணலும் பாறையும்தான். நிழல் வேண்டுமென்றால் பெரும்பாலும் ரதங்களின் சுவரையே ஒட்டி நிற்க வேண்டும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி இந்தத் தூரத்தை மார்ச் மாத மதியத்தில் நடக்க முடியாது. ஆட்டோ பேசினால் பேரம். வேன் ஓட்டுநரை அழைத்தால் அவர் எங்கோ வேப்ப மரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், 15 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம் என்பது தொல்லியல் துறையின் கட்டணம். ஒரே சீட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்கலாம். இது தெரியாமல் முதல் இடத்திலேயே சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, இரண்டாவது இடத்தில் மறுபடி வரிசையில் நிற்கும் குடும்பங்கள் எப்போதும் உண்டு. கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் தீர்ந்துபோகும் சிக்கல்.

இவற்றில் பாதிக்குச் செலவே இல்லாத மருந்து இருக்கிறது. அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கிய பாறை. காலை வெயிலில் அதன் ஒவ்வோர் உருவமும் பாறையிலிருந்து எழுந்து நிற்கும். மதியத்துக்கு மேல் மொத்தமும் நிழலில் சப்பென்று போய்விடும். வளாகங்களைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். காஞ்சிக் கோயில்களோ மாலை 4 மணிவாக்கில் மறுபடி நடை திறக்கின்றன. வேன்கள் காலையில் மாமல்லபுரம், மாலையில் காஞ்சி என்று வரிசையை மாற்றிக்கொண்டாலே போதும். கல்லும் குளிர்ந்திருக்கும், கண்ணும் தெளிவாக இருக்கும். பட்டுக் கடைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை. மாலை வியாபாரம்தானே நல்ல வியாபாரம்.

நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, சாய்தளம் ஆகியவற்றைப் பற்றி எழுதாத கட்டுரையே இல்லை என்பதால் நான் நீட்டப்போவதில்லை. அவை வேண்டும்; அவ்வளவுதான். ஆனால் அவை எல்லாம் வந்துவிட்டாலும் மாமல்லபுரம் இப்போதுபோலவே அரைகுறையாகத்தான் பார்க்கப்படும் என்பதே என் வாதம்.

தண்டனை மட்டும் தெளிவு

பாதுகாக்கப்பட்ட சின்னம் எதன் முன்னாலும் ஒரு பலகை இருக்கும். சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பது அதில் துல்லியமாக எழுதியிருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்றிருந்தது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு, ஒரு லட்சம். அதே தெளிவோடு அந்தச் சின்னத்தைப் பற்றி எழுதியிருக்கும் பலகையைக் காண்பது அரிது. எந்த அரசன், எந்த நூற்றாண்டு, எந்தத் தெய்வம், எந்தக் கட்டடப் பாணி என்று நான்கைந்து வரி இருக்கும். அதிட்டானம், கபோதம், கூடு என்று கலைச்சொற்கள் வரிசை கட்டி நிற்கும். படித்து முடித்த அப்பா, 'இது என்னப்பா?' என்று கேட்கும் பிள்ளைக்கு 'சாமி' என்று பதில் சொல்லிவிட்டு நகர்வார். வேறு என்ன சொல்வார் அவர்?

பலகை விட்ட இடத்தை வழிகாட்டிகளின் கதைகள் நிரப்புகின்றன. 250 டன் பாறை வழுக்குச் சரிவில் எப்படி நிற்கிறது, ஆங்கிலேய கவர்னர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை, இது பீமன் வீடு, அது திரௌபதி வீடு. கதை சொல்வது குற்றமில்லை. கேட்கவும் சுகமாகவே இருக்கிறது. அர்ச்சுனன் தபசில் ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையையும் அதை நம்பி வந்த எலிகளையும் காட்டி, குழந்தைகளைக் கைதட்ட வைக்கும் வழிகாட்டிகளிடமிருந்து தொல்லியல் துறை பாடம் கற்கலாம். அவர்களில் அனுபவம் மிக்கவர்கள் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் காட்டாமல் விடுவதில்லை. ஆனால் 90 அடிக்கு மேல் நீளமும் 40 அடிக்கு மேல் உயரமும் கொண்ட அந்தப் பாறையில் மனிதக் கை எங்கிருந்து தொடங்கியது, எப்படி வேலை செய்தது என்ற கேள்வி இந்தக் கதைகளுக்குள் வருவதே இல்லை.

முடியாமல் நின்ற வேலை

மாமல்லபுரத்தைத் தமிழ்நாட்டின் மற்ற பழங்கோயில் ஊர்களிலிருந்து பிரிப்பது ஒன்றுண்டு. இங்கே பாதிக்கு மேல் வேலை முடியவில்லை. பாதியில் ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அது இங்கே முக்கியமில்லை. நின்றுபோனதால் நமக்குக் கிடைத்த லாபம் பெரிது. தஞ்சைப் பெரிய கோயில் எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். மாமல்லபுரத்திலோ வேலை நடந்த விதம் கண்ணெதிரே கல்லில் அப்படியே கிடக்கிறது.

ஐந்து ரதங்களில் ஒன்றான தர்மராஜ ரதத்தின் முன் நின்று மேலே பாருங்கள். சிகரம், அதன் கீழ் மாடங்கள், உருவங்கள் எல்லாம் நகாசு முடிந்து நிற்கும். கீழே வரவரக் கரடு. அடித்தளத்தில் பாறை இன்னும் பாறையாகவே இருக்கிறது. பீம ரதத்திலும் அதே கதை. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை: ஒரே பாறையைக் கழித்துக் கழித்துக் கோயில் ஆக்குகிறவர் கீழிருந்து தொடங்கினால் மேலிருந்து விழும் சில்லு கீழே முடித்த சிற்பத்தை உடைத்துவிடும். இன்னும் கரடாக வேண்டுமானால் ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்க்கலாம். அங்கே வேன் போவதில்லை.

குடைவரைகளுக்கு வேறு முறை. அர்ச்சுனன் தபசுக்குப் பின்னாலிருக்கும் மலையில் முடியாமல் விட்ட சில குடைவரைகளின் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரியும். கோட்டின் மேல் ஆழமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டே போய், நடுவில் துருத்தி நிற்கும் சதுரத்தை உடைத்து எடுத்திருக்கிறார்கள். உடைத்த பின் மறுபடி கட்டம், மறுபடி பள்ளம். தொல்லியல் துறையின் லாங்ஹர்ஸ்ட் பல்லவர் கட்டடக்கலை பற்றி 1920களில் வெளியிட்ட நூல்களிலேயே இதை விளக்கியிருக்கிறார். நூறாண்டாகத் தெரிந்த செய்தி. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு அது உடைந்துபோன, அழகில்லாத ஒரு குகை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவான். கட்டத்தின் மேல் விரலை வைத்து, 'இன்றைக்கு இந்தச் சதுரம் வரைக்கும் என்று ஒருவர் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்' என்று யாராவது சொன்னால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

அர்ச்சுனன் தபசுக்கே பாதியில் நின்ற இன்னொரு வடிவம் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அதே மலையை ஒட்டித் தெற்கே நடந்தால் இன்னொரு பாறை முகம். அதே காட்சி, உருவங்கள் பாதிப் பாதியாக, சில வெறும் வெளிக்கோடாக. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குச் சிற்பம் எப்படி உருவாகிறது என்று எந்த வகுப்பும் எடுக்கத் தேவையில்லை. அந்த இரண்டாவது பாறையைத் தாண்டி நாளெல்லாம் ஆயிரக்கணக்கானோர் ஐந்து ரதத்துக்குப் போகிறார்கள், திரும்பிப் பார்க்காமல்.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் தன் குடைவரையைப் பற்றி வெட்டிவைத்த கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் எழுப்பியதாகப் பெருமைப்படுகிறான். அடுத்த மூன்று நான்கு தலைமுறைகளில் அந்தப் பெருமை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதை ஒரே நடையில் பார்த்துவிடக்கூடிய இடம் மாமல்லபுரம்: குடைவரை, ஒற்றைக்கல் ரதம், பிறகு ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில். வடக்கே சாளுவன்குப்பம்வரை போனால் கதை இன்னும் பின்னோக்கி நீளும். 2004 சுனாமிக்குப் பின் அங்கே மணலுக்கடியிலிருந்து ஒரு முருகன் கோயிலைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. பல்லவர் கல் தளத்துக்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். பக்கத்தில் இருக்கும் புலிக்குகையில் மட்டும் படமெடுத்துவிட்டு வண்டி கிளம்பிவிடுகிறது.

பெயர் பொறித்தவர்கள்

தர்மராஜ ரதத்தில் அரசனின் விருதுப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. செய்தவர்களின் பெயர் எங்கே? கல்கி 1944இல் தொடராக எழுதத் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஆயனச் சிற்பி இங்கே எங்கே உட்கார்ந்து செதுக்கினார் என்று இன்றும் கேட்கிறார்கள். ஆயனர் கற்பனை. நிஜச் சிற்பிகளின் பெயர்கள் ஊருக்கு வெளியே பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என்று சொல்லப்படும் இடத்துப் பாறையில் பல்லவர் கால எழுத்தில் இருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், இன்னும் சிலர். இங்கே வேலை பார்த்தவர்கள் இவர்கள் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் பேருந்துகள் பல பூஞ்சேரியில் நிற்கின்றன. மாமல்லபுரத்துக்கு வரும் அநேகர் அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறார்கள். உலகின் எந்த மூலையில் இப்படி ஒரு பாறை இருந்தாலும் பயணத்தை அங்கிருந்து தொடங்கிவைத்திருப்பார்கள். நாம் அதை அறிந்தவர் மட்டும் தேடிப்போகும் இடமாக விட்டுவைத்திருக்கிறோம். அந்த இடத்தில் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு பாதை, ஒரு கூரை, பெயர்களைப் பெரிய எழுத்தில் இன்றைய தமிழில் எழுதிய ஒரு பலகை போதும். குணமல்லன் என்ற பெயரைப் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்கு, அடுத்து பார்க்கும் ஒவ்வொரு சிற்பமும் ஓர் ஆள் செய்த வேலையாகத் தெரியும்.

வேலிக்கு வெளியே உளிச்சத்தம்

இந்த வேலையைத் தெரிந்தவர்கள் இன்றும் அதே தெருக்களில் இருக்கிறார்கள் என்பதுதான் மாமல்லபுரத்தின் தனிச்சிறப்பு. பழைய ரோமானிய நகரமான பாம்பெயில் ரொட்டி அடுப்பைப் பார்க்கலாம். ரொட்டி சுடுகிறவரைப் பார்க்க முடியாது. இங்கே ஐந்து ரதச் சாலை நெடுகச் சிற்பக்கூடங்கள். 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக நீண்ட காலம் இருந்தவர். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2017இல் கிடைத்தது.

ஆனால் பயணி இவர்களைச் சந்திப்பது விற்பனையாளர்களாக மட்டுமே. கடைக்கு முன் நின்று 'உள்ளே வந்து பாருங்க சார், பார்க்கக் காசில்லை' என்று அழைக்கும் குரலுக்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடக்கிறார். ரதத்தைச் செதுக்கிய முறையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவரைத் தாண்டி, அது எதுவும் தெரியாமல் ரதத்துக்குள் போகிறார். உளிச்சத்தமும் இப்போது குறைவு. கட்டிங் மெஷினும் கிரைண்டரும்தான் பெரும்பாலும் இரைகின்றன. கல்தூசு சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போகும் தொழில் இது. இதையும் பயணி பார்க்கத்தான் வேண்டும். பல்லவர் காலத்துச் சிற்பியும் தூசு சுவாசித்தவர்தானே.

தொல்லியல் துறை வேலிக்குள்ளேயே, சின்னங்களிலிருந்து தள்ளி, ஒரு மூலையில் ஒரு கருங்கல்லைப் போட்டு, சிற்பி ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்து, கட்டம் போட்டுப் பள்ளம் வெட்டி உடைத்துக் காட்டச் சொல்லலாம். பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுத்து ஒரு அடி அடிக்கச் சொல்லலாம். கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சனி, ஞாயிறுகளில் மலையைச் சுற்றி அழைத்துப் போகச் சொல்லலாம். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் முறைப்பார்கள் என்றால் அவர்களையும் அந்தப் பயிற்சிக்குள் கொண்டுவரலாம். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் பானையையும் மணியையும் வெறுமனே அடுக்காமல், அவற்றைச் செய்து புழங்கியவர்களின் வாழ்க்கையோடு சேர்த்துக் காட்ட முயன்றிருக்கிறார்கள். செய்தவர்களே நேரில் இருக்கும் ஊரில் இது இன்னும் எளிது.

ஒரு தெரு, ஆறு துறை

எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? வேலிக்கு உள்ளே இந்தியத் தொல்லியல் துறை. வேலிக்கு வெளியே சாலையும் வாகன நுழைவுக் கட்டணமும் உள்ளாட்சி. அர்ச்சுனன் தபசுக்குப் பின்னாலிருக்கும் மலையில் ஏறினால் கலங்கரை விளக்கம் ஒன்றியக் கப்பல் துறைக்குக் கீழ். எதிரே தலசயனப் பெருமாள் கோயில் இந்து சமய அறநிலையத் துறை. கல்லூரி கலை பண்பாட்டுத் துறை. தங்கும் விடுதி சுற்றுலாத் துறை. ஓர் உச்சி மாநாடோ செஸ் ஒலிம்பியாடோ வந்தால் எல்லாத் துறையும் ஒரே வாரத்தில் கைகோத்துச் சாலை போட்டு, சுவருக்கு வண்ணம் அடித்து, விளக்கெரிய வைக்கின்றன. விருந்தாளி போனதும் அவரவர் வேலிக்குள் திரும்பிவிடுகின்றன.

ஹம்பிக்கு 2003 முதல் தனி மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அஜந்தாவில் தனியார் வாகனங்களை நான்கு கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றிப் போகிறார்கள். மாமல்லபுரத்துக்கும் பூஞ்சேரியில் வாகனங்களை நிறுத்தி, சிறு மின்வண்டிகளை விட்டு, எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஓர் ஆணையம் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஹம்பியிலிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். 2011இல் அங்கே கடைவீதி மண்டபங்களில் குடியிருந்து பிழைத்தவர்களைப் புல்டோசர் கொண்டு அப்புறப்படுத்தினார்கள். பாரம்பரியத்தைப் பார்க்க வருபவருக்கு இடம் விடவேண்டும் என்று, அங்கேயே வாழ்ந்தவர்களை வெளியே தள்ளினார்கள். மாமல்லபுரத்தில் ஏற்கெனவே சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்ற விதியோடு மக்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஊரெங்கும் சின்னம் என்பதால் ஏறத்தாழ ஊரே அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஒழுகும் கூரையை மாற்றவும் மனுப்போட வேண்டும். பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களை எந்த அழகுபடுத்தும் திட்டமும் முதலில் விரட்டும் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆகவே ஆணையம் வருமானால், அதன் முதல் கூட்டத்தில் சிற்பக்கூடக்காரர்களுக்கும் மீனவர் குப்பத்துக்கும் தெருக்கடைக்காரர்களுக்கும் நாற்காலி போடப்பட வேண்டும். சிற்பக்கூடங்கள் இப்போது இருக்கும் சாலையிலேயே இருக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே வரைபடத்தை விரிக்க வேண்டும். தூசு உறிஞ்சும் கருவிக்கு மானியம், கூடத்துக்கு முன் பத்துப் பேர் நின்று பார்க்க ஒரு திண்ணை, நுழைவுச்சீட்டு வருவாயில் இந்த ஊருக்கென்று ஒரு பங்கு: இந்த மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட முடியும்.